யூனிஃபார்ம் எங்கே என்று உங்களிடம் ஏன் கேட்கிறார்?

கேள்வி: மூன்று வருடமாக வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறேன். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார். பையனின் யூனிஃபார்ம் எங்கே என்று கேட்கக்கூட கணவர் எனக்குத்தான் போன் செய்கிறார். போன வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல். "நீ இங்கே இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று கேட்டுவிட்டார். நான் செய்வது தப்பா?
– பெயர் வேண்டாம்

பதில்: தப்பே இல்லை, தோழி. காய்ச்சல் அம்மா பக்கத்தில் இருந்தாலும் வரும். இதே வேலைக்கு உங்கள் கணவர் போயிருந்தால், குடும்பத்துக்காகப் பாடுபடுகிறார் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள், யூனிஃபார்மைத் தேடி அவருக்கு ஒரு போன்கூடப் போயிருக்காது.

ஐ.நா. கணக்குப்படி 2020-ல் பிறந்த நாட்டை விட்டு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 28 கோடி பேர், அதில் கிட்டத்தட்டப் பாதி பெண்கள். உங்களைப் போல் சம்பாதிக்கத் தனியாகக் கிளம்பியவர்களும் அதில் ஏராளம். ஆனால் சம்பாதிக்கும் பொறுப்பு பெண்ணிடம் வந்த வேகத்தில் வீட்டுப் பொறுப்பு ஆணிடம் போகவில்லை. ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 2000-ல் இதைப் பராமரிப்புச் சங்கிலி என்றார். பணக்கார நாட்டுக் குழந்தையை வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் வளர்க்கிறாள், அவள் குழந்தையை ஊரில் இன்னொரு பெண் கூலிக்குப் பார்க்கிறாள், அந்தக் கூலிக்காரப் பெண்ணின் குழந்தைகளை அவளுடைய மூத்த மகளே பார்த்துக்கொள்கிறாள். இதில் அப்பா எங்கே? உங்கள் வீட்டில் அந்தச் சங்கிலி மாமியாரின் கையில் இருக்கிறது, அவருக்கும் வயதாகிறது இல்லையா?

கணவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பள்ளிக்கூடம், டாக்டர், வீட்டுப்பாடம் மூன்றும் இனி அவர் பொறுப்பு. யூனிஃபார்ம் எங்கே என்று அடுத்த முறை கேட்டால் சொல்லாதீர்கள், அவரே பீரோவைத் திறந்து தேடட்டும். ரெண்டு நாள் தடுமாறுவார், அப்புறம் பழகிவிடும். நீங்கள் பிள்ளைகளோடு சும்மா பேசுவதற்காக மட்டும் போன் செய்யுங்கள். இன்னொன்று, சம்பளம் மொத்தத்தையும் ஊருக்கு அனுப்பாமல் ஒரு பகுதியை உங்கள் பெயரிலேயே சேமியுங்கள். பல வருடம் உழைத்துவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பும் பெண்கள் நிறைய.

கேள்வி: கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் அவரோடு அமெரிக்கா வந்தேன். முன்பு என்ஜினீயர். "வீட்ல சும்மாதானே இருக்கே" என்கிறார். வேலைக்குப் போக வழியே இல்லையா?
– ஒரு வாசகி

பதில்: சமையல், துணி, குழந்தை எல்லாவற்றையும் ஒருத்தியே செய்வது சும்மா இருப்பது ஆகாது, முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள். எச்-4-ல் நீங்கள் படிக்கலாம். கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அங்கீகரிக்கப்பட்டிருந்தாலோ, கிரீன் கார்டு நடைமுறையை வைத்து அவரது எச்-1பி ஆறு வருடத்துக்கு மேல் நீட்டிக்கப்பட்டிருந்தாலோ நீங்கள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், 2015-ல் வந்த விதி இது. அனுமதி அட்டை கைக்கு வரும்வரை வேலையில் சேர வேண்டாம். ஐ-140 எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள், அந்தத் தாள்களின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.