யமஹா ஒய்எஃப்இசட் 450ஆர் குவாட் பைக்கின் டாப் எண்ட் வேலையை மதுரையிலேயே செய்யலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் தோட்டத்தில் ஓட்டும் வண்டி. காலையில் செல்ஃப் அடித்தால் லேசில் எடுப்பதில்லை, இழுவை குறைந்துவிட்டது, சைலன்சரில் நீலப் புகை. போர் அடித்து (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி), வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்:

டாப் எண்ட் வேலையை, அதாவது சிலிண்டர், பிஸ்டன், ஹெட் வேலையை, மதுரையிலேயே செய்யலாம். ஆனால் மெக்கானிக் சொன்ன அந்த இரண்டு வேலைகளை மட்டும் செய்ய விடாதீர்கள். ஆர்எக்ஸ் 100-க்கும் பழைய புல்லட்டுக்கும் அவை சரியான வைத்தியம். அவற்றின் சிலிண்டருக்குள் இருப்பது வார்ப்பிரும்பு. தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் கூட்டிப் போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம். உங்கள் வண்டியில் அலுமினிய சிலிண்டரின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த பூச்சு இருக்கிறது. அதன் பருமன் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுதான். போரிங் பார் உள்ளே இறங்கினால் பூச்சு போய் வெறும் அலுமினியம்தான் மிஞ்சும், அந்த சிலிண்டர் அத்தோடு குப்பைக்குத்தான். வால்வுகளும் டைட்டானியம். அவற்றின் முகத்திலும் மெல்லிய கடினப் பூச்சு உண்டு. கிரைண்டிங் பேஸ்ட் பட்டால் அது உரிந்துவிடும், பிறகு வால்வு சில மணி நேர ஓட்டத்திலேயே உள்ளே அமுங்க ஆரம்பிக்கும்.

பிரிப்பதற்கு முன், காற்று எங்கே கசிகிறது என்று பாருங்கள். சாதாரண கம்ப்ரஷன் கேஜை நம்ப வேண்டாம். ஸ்டார்ட் செய்யும்போது எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் ஆட்டோ டிகம்ப்ரஷன் இந்த எஞ்சினின் எக்ஸாஸ்ட் கேமில் இருப்பதால், நல்ல எஞ்சினிலும் கேஜ் குறைவாகவே காட்டும். உள்ளே கொடுத்த காற்றில் எத்தனை சதவீதம் கசிகிறது என்று காட்டும் லீக் டவுன் டெஸ்டர்தான் சரி. பிஸ்டனைக் கம்ப்ரஷன் மேல்நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ காற்றைக் கொடுங்கள். கசிவு 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது, 20-ஐத் தாண்டினால் பிரிக்க வேண்டியதுதான். பிறகு காதை வைத்துக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் காற்று சீறினால் ரிங், சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் பாக்ஸ் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் பேக்கிங். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு ரிங்கும் இன்டேக் வால்வும் சேர்ந்தே போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

காரணம் தூசி. மேலூர் வட்டாரக் கிரானைட் தூளிலும் செம்மண்ணிலும் குவார்ட்ஸ் உண்டு. ஃபில்டரைத் தாண்டி வரும் மாவு போன்ற தூசி முதலில் இன்டேக் வால்வின் முகத்தை அரிக்கும். வால்வு, தான் உட்காரும் வளையமான சீட்டுக்குள் அமுங்க அமுங்க, அதற்கும் கேமுக்கும் நடுவே உள்ள கிளியரன்ஸ் (சின்ன இடைவெளி) குறைந்துகொண்டே வரும், ஸ்டார்ட்டிங் அடம் பிடிப்பது இதனால்தான். அடுத்து அது ரிங்கைத் தின்னும்.

பாகங்களை மொத்தமாக வாங்கிய பிறகே பிரியுங்கள்: பிஸ்டன், ரிங் செட், பின், பின் கழன்று வராமல் பிடிக்கும் லாக் இரண்டு, ஹெட் பேக்கிங், பேஸ் பேக்கிங், டைமிங் செயின், வால்வு சீல் ஐந்து, ஆயில் ஃபில்டர், ஓ-ரிங்குகள். வால்வு மொத்தம் ஐந்து, மூன்று இன்டேக், இரண்டு எக்ஸாஸ்ட். பழைய லாக்கை மறுபடி போடவே கூடாது. அந்தச் சின்னக் கம்பி கழன்றால் புது சிலிண்டரும் போய்விடும்.

பிரிக்கும்போது டைமிங் செயினை ஒரு கம்பியால் கட்டி மேலே தொங்கவிடுங்கள், கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். சிலிண்டரை எடுத்ததும் கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேல்கீழ் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் கிராங்க் வேலையும் சேர்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டுப் புதுப் பிஸ்டன் போடுவது காசைக் கரியாக்குவது.

சிலிண்டர் விட்டம் 95 மி.மீ. போர் கேஜை வைத்து மூன்று உயரங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். அளந்து தர மட்டும் நல்ல போரிங் பட்டறை போதும், அந்த வேலையை நம் ஊர்க்காரர்கள் துல்லியமாகவே செய்வார்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி 0.1 மி.மீ.யைத் தொட்டால், புதுப் பிஸ்டனை அளந்து கணக்குப் போடுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் தேய்ந்தது சிலிண்டர். நகத்தால் தடவும்போது கீறல் மாட்டினாலோ, பூச்சு பெயர்ந்து அலுமினியம் தெரிந்தாலோ புது சிலிண்டர் வாங்குங்கள், அல்லது பூச்சை மறுபடி ஏற்றுகிற இடத்துக்கு அனுப்புங்கள். இரும்பு ஸ்லீவ் இறக்கித் தருகிறேன் என்று லேத் பட்டறையில் சொல்வார்கள். இவ்வளவு சூடாகும் எஞ்சினில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பூச்சு நன்றாக இருந்தால் சோப்புத் தண்ணீரும் சிவப்பு ஸ்காட்ச் பிரைட்டும் வைத்துக் குறுக்குக் கோடாகத் தேய்த்தாலே போதும். பிறகு வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடையுங்கள், துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹெட்தான் மதுரையில் இடறும் இடம். வால்வைப் புதிதாகப் போட்டால் சீட்டையும் மெஷினில் 45 டிகிரிக்கு வெட்டி, அகலத்தைச் சரிசெய்ய வேண்டும். கார் ஹெட் வேலை செய்யும் பட்டறைகளில் மெஷின் இருக்கும், ஆனால் இந்த இன்டேக் வால்வின் தண்டு 4 மி.மீ.தான், எக்ஸாஸ்ட் 4.5 மி.மீ. அளவு. அந்தத் துளைக்கு ஏற்ற பைலட் (வெட்டும் கருவியை நேராகப் பிடிக்கும் கம்பி) அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே ஹெட்டைக் கொடுங்கள். ‘பக்கத்து சைஸை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் ஹெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தூசியில் ஓடும் தோட்டத்து வண்டிக்கு டைட்டானியத்தை விட ஸ்டீல் வால்வும் அதற்குரிய ஸ்பிரிங்கும் சேர்ந்த செட் நல்லது. கொஞ்சம் எடை கூடும், ஆனால் ஆயுள் அதிகம். பந்தயத்துக்கா ஓட்டப் போகிறீர்கள்?

பூட்டும்போது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி வைத்து, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். முதல் ரிங்குக்கு 0.20 முதல் 0.30 மி.மீ., இரண்டாவதுக்கு 0.35 முதல் 0.50 மி.மீ. வேறு கம்பெனி பிஸ்டன் என்றால் அந்தப் பெட்டியில் உள்ள தாளில் சொன்னதே கணக்கு. இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டி சுவரைக் கிழித்துவிடும். ரிங்கின் எழுத்து மேலே, பிஸ்டனின் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம். ரிங் வாய்கள் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது. ஆயில் ரிங்கின் நெளிகம்பி முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டிக்கொண்டிருக்க வேண்டும், நீலப் புகை மறுபடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். லாக்கின் வாய் நேர் மேலோ நேர் கீழோ இருக்கட்டும்.

ஹெட் போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன வரிசையிலும் முறையிலும், டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்தே இறுக்குங்கள். கேம் கேப் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர்தான். கைப்பழக்கத்தில் இறுக்கினால் ஹெட்டில் மரை கழன்றுவிடும். செயின் டென்ஷனரை உள்ளே சுருட்டிய பிறகே மாட்ட வேண்டும். எல்லாம் ஆனதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் மார்க்கை மறுபடி பாருங்கள். நடுவில் எங்காவது தட்டி நின்றால் மேலே அழுத்தாதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் கிளியரன்ஸ் 0.10–0.15, எக்ஸாஸ்ட் 0.20–0.25 மி.மீ. இதை ஷிம் (வால்வின் தலையில் வைக்கும் சின்ன வட்டத் தகடு) மாற்றித்தான் கொண்டுவர வேண்டும். ஸ்டீல் வால்வு செட் போட்டால் அந்தச் செட்டோடு வரும் அளவைப் பின்பற்றுங்கள்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். டிஸ்டில்டு தண்ணீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. ஆயில் 10டபிள்யூ-40, டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் முங்கிய பைக் கிளட்சுக்கு ஏற்றது என்ற குறி) என்று இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். மூன்று முறை சூடாக்கி முழுக்க ஆறவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் பாதித் த்ராட்டிலுக்குள் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். நின்ற இடத்தில் நெடுநேரம் ஐடிலில் விடாதீர்கள், ரிங் படியாது. அடுத்து ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள்.

ஏர் ஃபில்டர் ஃபோமை மண்ணெண்ணெயில் அலசி, சோப்பில் கழுவி, காயவைத்து, ஒட்டும் ஃபில்டர் ஆயிலைப் பிசைந்து ஏற்றி, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். இரண்டு ஃபோம் வாங்கி வைத்து, தூசியில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள், செம்மண் நிறம் ஒட்டினால் அன்றே கசிவைக் கண்டுபிடியுங்கள். ஐந்து மணி நேரம் ஓடியதும் ஐந்து வால்வின் கிளியரன்ஸையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒரு இன்டேக் மட்டும் 0.05 மி.மீ. குறைந்திருந்தால், ஷிம் மாற்றும் முன் அந்த வெள்ளைத் துணிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.