தாத்தா வீட்டை வரைய எதை வாங்குவது?

கேள்வி: கும்பகோணம் அருகே கிராமத்தில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டை விற்கப்போகிறோம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லைக் கிணறு எல்லாம் தெரியும்படி வீட்டின் வரைபடத்தை வண்ண ஓவியமாக வரைந்து, உடன்பிறந்தவர்களுக்குக் கொடுக்க ஆசை. வீடு 20 அடி அகலம், 120 அடி நீளம். தாளில் வரைவேன், கணினியில் வரைந்ததில்லை. மடிக்கணினி இருக்கிறது. கடையில் ஐபேட் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: இந்த ஒரு படத்துக்காக ஐபேட் வேண்டாம், அம்மா. முதலில் வாங்க வேண்டியது 50 மீட்டர் அளவுநாடா. வரையும் கருவியை வீடு கைமாறிய பிறகும் வாங்கலாம். அளவை அப்போது எடுக்க முடியாது.

30 மீட்டர் நாடா உங்களுக்குப் போதாது, 120 அடி என்பது 36 மீட்டருக்கு மேல். இத்தகைய வீடுகளில் வாசற்படியில் நின்றால் கொல்லை தெரியும்படி கதவு நிலைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். அந்த வழியே நாடாவை ஒரே இழுப்பாக விரித்து, ஒவ்வொரு சுவரும் எத்தனையாவது அடியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று குறியுங்கள். அறை அறையாக அளந்து கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். சுவரின் கனமும் விடுபட்டுவிடும். ஒவ்வொரு அறையிலும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். செவ்வகம் என்று நாம் நினைக்கும் அறையில் அவை வேறுபட்டால் அது கோணலான அறை. அந்தக் கோணலையும் அப்படியே வரையுங்கள், அதுவும் உங்கள் தாத்தா வீடுதான்.

1:100 அளவில், அதாவது வீட்டின் ஒரு மீட்டரைத் தாளில் ஒரு செ.மீ. ஆக்கி வரைந்தால், படம் 6.1 செ.மீ. அகலம், 36.6 செ.மீ. நீளம் வரும். 42 செ.மீ. நீளமுள்ள ஏ3 தாளில் அது அடங்கும். பக்கத்தில் கிணற்றடியையும் தூண்களையும் பெரிதாக வரைய இடமும் மிஞ்சும். ஓர் அடிக்கு 3.048 மி.மீ. என்று கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் நாலரை மி.மீ. தடிப்பாக விழும், பார்க்க அழகாக இருக்கும்.

சுவர்களுக்கு இன்க்ஸ்கேப் போதும். இலவச மென்பொருள். அகலம், உயரம் கட்டங்களில் மில்லிமீட்டரைத் தட்டினால் அதே அளவில் செவ்வகம் வந்து நிற்கும், கை நடுங்கினாலும் கவலையில்லை. அதன் மேல் தரை ஓடு, ஊஞ்சல், துளசிமாடம், வாழை எல்லாம் தீட்ட கிரிட்டா இருக்கிறது, அதுவும் இலவசம். அச்சில் தெளிவாக வர, ஏ3 தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 3508 x 4961 பிக்சல் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு செய்வதானால், மடிக்கணினியோடு இணைக்கும் திரையில்லாத வரைபலகை ஒன்று வாங்குங்கள்; அதன்மேல் பேனாவால் வரைந்தால் கோடு மடிக்கணினித் திரையில் விழும். பெட்டியின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். பேனா வேலை செய்யும் பரப்பு எவ்வளவு என்று கேளுங்கள். வேக்கம் நிறுவனத்தின் இன்டுவோஸ் வரைபலகை வரிசையில் சிறியது 152 x 95 மி.மீ., நடுத்தரம் 216 x 135 மி.மீ. நேர்க்கோடுகளை மென்பொருளே போட்டுவிடுவதால் சிறியதே உங்களுக்குப் போதும். பேனாவை அழுத்தும் பலத்தை எத்தனை படியாகப் பிரித்து உணரும் என்று, 4096, 8192 என அழுத்த நிலைகளைச் சொல்லி விலையை ஏற்றினால் மயங்காதீர்கள், உங்கள் வேலையில் வித்தியாசம் தெரியாது. பேனாவுக்கு மாற்று முனைகள் தனியாகக் கிடைக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்; அவை தேயும். கை ஓரிடத்தில், கண் ஓரிடத்தில் என்பது முதல் சில நாட்கள் படுத்தும். பழகிவிடும்.

தொடர்ந்து வரையப்போகிறேன் என்றால் ஐபேடும் அதில் வரையும் மென்பொருளான புரோகிரியேட்டும் அருமையான இணை. மென்பொருளுக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஆனால் பென்சில் விஷயத்தில் கவனம் தேவை: யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் அழுத்தத்தை உணராது, தூரிகைக்கு அதுதான் உயிர். எந்தப் பென்சில் எந்த ஐபேடுக்குப் பொருந்தும் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும்.

கேள்வி: 1:100 அளவில் நான் வரைந்த படம் அச்சில் சிறுத்து வந்துவிட்டது. கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: மூல அளவிலேயே அச்சிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தால் மறு அச்சு கேளுங்கள், அது நியாயம். எழுதித் தரவில்லையென்றால் அவர்மேல் பழி போட மனம் வரவில்லை. தாளுக்குள் அடக்கும் அமைப்பு பல இடங்களில் தானாகவே இயங்குகிறது. இனி படத்தின் ஓரத்தில் 10 அடி நீள அளவுக்கோடு ஒன்றை வரைந்துவிடுங்கள். அச்சில் அது 30.5 மி.மீ. இருக்க வேண்டும். கடையிலேயே அடிக்கோல் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.