கடைப் பெயர் போட்ட முருகன் படம்: அசலா, அச்சா?

கேள்வி: சாத்தூரில் தாத்தாவின் மளிகைக் கடையில் மாட்டியிருந்த முருகன் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. மூலையில் சி. கொண்டையராஜு என்று ஆங்கிலத்தில் கையெழுத்து, அடியில் தாத்தாவின் கடைப் பெயர், முகவரி. அந்த ஓவியரே கையால் வரைந்ததா? தாள் பழுப்பேறி, ஓரிடத்தில் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. லேமினேஷன் செய்யலாமா?

பதில்: லேமினேஷன் மட்டும் வேண்டாம். அந்தப் பசை தாளில் இறங்கிவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

கடைப் பெயர் இருப்பதால் இது காலண்டர் படம், அதாவது அச்சு. சந்தேகமிருந்தால் ஒரு பூதக்கண்ணாடி வைத்து முருகன் கன்னத்தைப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை தப்பாமல் நின்றால் ஆப்செட். மணல் தூவியதுபோல ஒழுங்கில்லாமல் இருந்தால் லித்தோ, அதாவது கல்லச்சு. அது பெரும்பாலும் இன்னும் பழையது.

அச்சு என்றதும் மனம் தளர வேண்டாம். கொண்டையராஜு வரைந்ததே அச்சுக்காகத்தான். 1898இல் மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, 1940களில் கோவில்பட்டியில் தங்கியவர். அவர் படங்களில் சாமிக்குப் பின்னால் வரும் தூணும் தடாகமும் எனக்கு எப்போதும் நாடக மேடையைத்தான் நினைவூட்டும். கோவில்பட்டியில் வரைந்தது பக்கத்துச் சிவகாசியில் அச்சாகும். கடைப் பெயரை அப்புறம் தனியாக ஏற்றுவார்கள். அதனால் இதே முருகன் பல ஊர்க் கடைகளில் தொங்கியிருப்பார்.

கையெழுத்தை வைத்து வருஷம் சொல்ல முடியாது. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற சீடர்களும் அவர் பெயரோடு சேர்த்துக் கையெழுத்திட்டார்கள். 1976இல் அவர் மறைந்த பிறகும் படங்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. முகவரியைப் படியுங்கள். பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. 'இராமநாதபுரம் ஜில்லா' என்றிருந்தால் அநேகமாக 1985க்கு முந்தையது, அந்த வருஷம்தான் சாத்தூர்ப் பக்கம் தனி மாவட்டமானது. பிரேம் போடுகிறவர்கள் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று கடைப் பெயர் உள்ள இந்த அடிப்பட்டையைத்தான் முதலில் வெட்டுவார்கள். விடாதீர்கள்!

பழுப்புக்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் பின்னால் வைத்த ஹார்ட்போர்டும் செய்தித்தாளும். அவற்றின் அமிலம் தாளில் ஏறுகிறது. அமிலமில்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டையால் சிறு இடைவெளி வேண்டும். மைதாப் பசை கூடாது, ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், படம் நீலம் பாரித்துவிடும்.

ஒட்டிய இடத்தை இழுக்கவோ நனைக்கவோ கூடாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. அங்கே யோசனை கேளுங்கள். அதுவரை கண்ணாடியோடே இருக்கட்டும். எதற்கும் இப்போதே போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், கடைப் பெயரும் சேர்ந்து விழுகிற மாதிரி.