ஏழு மணிக்குப் போன 22,000 ரூபாய்

கேள்வி: நான் கருங்கல் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் 2017-இல் குவைத்தில் இருந்து வாங்கிவந்த லேப்டாப் வைத்திருக்கிறேன். போன வாரம் அதில் சமையல் குறிப்பு தேடும்போது திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் மாதிரி சத்தம் வந்தது. 'உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, உடனே அழையுங்கள்' என்று ஒரு எண்ணும் இருந்தது. அழைத்தேன். மைக்ரோசாஃப்டில் இருந்து பேசுவதாகச் சொன்னவர், அங்கிருந்தே என் லேப்டாப்பைப் பார்த்து இயக்க எனிடெஸ்க் என்ற ஒன்றை இறக்கச் சொன்னார். பாதுகாப்புக் கட்டணம் என்று 8,500 ரூபாயை யு.பி.ஐ.யில் நானே அனுப்பினேன். 4.40-க்கு நெட் பேங்கிங்கில் இருந்து 40,000 போனது. அதற்கான ஓ.டி.பி.யை நான்தான் சொன்னேன். சந்தேகம் வந்து 5.10-க்கு வங்கியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அப்படியும் ஏழு மணிக்கு இன்னும் 22,000 போய்விட்டது. கிளையில் கேட்டால், 'நீங்களே ஓ.டி.பி. சொன்னதால் ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் காட்டினேன். 'விண்டோஸ் 10-ஐ நிறுத்திவிட்டார்கள், அதனால்தான் இப்படி நடந்தது, 48,000-க்குப் புதுசு எடுங்கள்' என்கிறார்கள். வாங்க வேண்டுமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: டீச்சர், முதலில் லேப்டாப் வாங்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். உங்கள் பணம் போனதற்கும் விண்டோஸ் 10-க்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் சிவப்புத் திரை ஒரு விளம்பரப் பக்கம். இன்றைக்குப் பெட்டி பிரித்த லேப்டாப்பிலும் அதே சைரனோடு வரும். போனில் பேசிய கள்ளன் உங்களிடம் ஒரு பயத்தை விற்றான். கடைக்காரர் அதே பயத்தைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

பணத்துக்கு வருவோம். வங்கி சொன்னது பாதி உண்மை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரைக்குமான நஷ்டம் அவருடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது என்று அதில் இருக்கிறது. 8,500-ஐ நீங்களே அனுப்பினீர்கள். 40,000-க்கு ஓ.டி.பி. சொன்னீர்கள். இந்த இரண்டையும் கொடுக்கும் கடமை வங்கிக்கு இல்லை. கசப்பாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

ஆனால் அந்த 22,000 வேறு கணக்கு. 5.10-க்குச் சொல்லிவிட்டீர்கள், ஏழு மணிக்குப் போயிருக்கிறது. இடையில் இருந்த கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தில் கணக்கை முடக்க வேண்டியது வங்கியின் வேலை. 'முன்னால் நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துத்தானே இதையும் எடுத்தான்' என்று கவுன்டரில் கேட்பார்கள். கேட்கட்டும். இந்த இடத்தில் விதி காரணத்தைப் பார்ப்பதில்லை, மணியைத்தான் பார்க்கிறது. 'கிளைக்கு வந்து எழுதிக் கொடுத்தது மறுநாள்தானே' என்பார்கள். உதவி எண்ணில் சொன்னதும் தெரிவித்ததுதான். 'நீங்கள் பேலன்ஸ் கேட்கத்தான் அழைத்தீர்கள்' என்றுகூட ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்கள், என் காதால் கேட்டேன். அப்படிச் சொன்னால் அழைப்புப் பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. 5.10-க்குப் பிறகு அவன் திரும்ப அழைத்து நீங்கள் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். கொடுத்திருந்தால் வங்கிக்குப் பிடி கிடைத்துவிடும். அதை மறைக்காமல் எழுதுங்கள், பதிவில் எப்படியும் தெரிந்துவிடும்.

ஆகவே ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். மூன்று தொகையும் நேரமும், 5.10 அழைப்பு, அவர்கள் தந்த புகார் எண், இவ்வளவு போதும். புகார் எண் தரவில்லை என்றால் உங்கள் போனில் உள்ள அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து இணையுங்கள். அந்தப் பட்டியலை மட்டும் அழித்துவிடாதீர்கள். தெரிவித்ததில் இருந்து பத்து வேலை நாளுக்குள் அந்த 22,000-ஐக் கணக்கில் வரவு வைத்து, 90 நாளுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். 'வச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்' என்று சொன்னால் பார்க்க மாட்டார்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

போலீஸ் புகாரும் கொடுத்தாக வேண்டும். சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அன்றைக்கே அழைத்திருந்தால் பணம் கைமாறிப் போகும் வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்தது. ஒரு வாரம் ஆகிவிட்டதால் அந்த நம்பிக்கை குறைவு. ஆனாலும் மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் இன்றைக்கே பதிவு செய்து ஒப்புகை எண்ணை வாங்குங்கள். இணையத்தில் முடியாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. பக்கத்து ஸ்டேஷனில் கேட்டால் நாகர்கோவில் போகச் சொல்வார்கள், நாகர்கோவிலில் வங்கிக் கடிதம் கேட்பார்கள், வங்கியில் போலீஸ் ரசீது கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போன் போட்டால்கூட முதலில் சைபர் மோசடி எச்சரிக்கையைக் கேட்க வைத்தார்களே, அந்த அக்கறையில் பாதி ஏமாந்து வந்து நிற்கிறவரிடம் காட்டியிருக்கலாம். எல்லாத் தாளையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. இனிமேல்தான் இரண்டாவது கள்ளன் வருவான். ஏமாந்தவர்களின் எண்கள் அவர்களுக்குள் கைமாறும். 'சைபர் பிரிவில் இருந்து பேசுகிறோம், உங்கள் பணம் பிடிபட்டது, விடுவிக்க 3,000 கட்டுங்கள்' என்பான். வக்கீல் என்பான், ஏஜெண்ட் என்பான். போன பணத்தை மீட்பதற்குப் பணம் கேட்கிற யாராக இருந்தாலும் போனை வையுங்கள். வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடியும் அழைக்காதீர்கள், போலி எண்களை அங்கேயும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம் இருக்கிற எண் போதும்.

லேப்டாப்பை இப்போதைக்கு இணையத்தில் இணைக்காதீர்கள். எனிடெஸ்கை நீக்கினால் மட்டும் போதாது, வேறு என்ன வைத்துவிட்டுப் போனான் என்று தெரியாது. படங்களையும் ஆவணங்களையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு விண்டோஸை முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். நெட் பேங்கிங், ஜிமெயில் பாஸ்வேர்டுகளை உங்கள் போனில் இருந்து இன்றைக்கே மாற்றுங்கள். அந்தச் சிவப்புத் திரை மறுபடி வந்தால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது.

சரி, விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான இலவச ஆதரவு முடிந்தது உண்மை. அதனால் லேப்டாப் நின்றுவிடாது. நம்ம ஊர் ஓட்டு வீடு மாதிரிதான். உடைந்த ஓட்டை மாற்றித் தருகிறவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பதற்காக வீடு அன்றைக்கே இடியாது, ஆனால் இடவப்பாதி மழை வந்தால் எங்கே ஒழுகும் என்று தெரியாது. 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

உங்களுக்கு அவசரம் இல்லாததற்குக் காரணம், வீட்டில் பயன்படுத்துகிறவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் நீட்டித்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, லேப்டாப்பின் செட்டிங்ஸை அதில் சேமிக்க ஒத்துக்கொண்டால் காசு கிடையாது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல் நவ்' என்று இருக்கும். அதற்கு விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். இதைக் கடைக்காரர் ஏன் சொல்லவில்லை என்று அவரிடமே கேளுங்கள்.

விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பார்க்க, லேப்டாப் ஸ்டிக்கரிலோ செட்டிங்ஸிலோ பிராசஸரின் பெயரான 'இன்டெல் ஐ5' என்பதற்குப் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 7-இல் தொடங்கினால் பெரும்பாலும் முடியாது, 8-இல் தொடங்கினால் பெரும்பாலும் முடியும். 2017-இல் வாங்கியது என்பதால் உங்களுடையது 7 ஆக இருக்கத்தான் வாய்ப்பு. 'அதெல்லாம் பார்க்க வேண்டாம், 500 ரூபாய்க்கு நான் 11 போட்டுத் தருகிறேன், கீயும் ஒரிஜினல்' என்று ஒருவர் வருவார். லேப்டாப் 11-க்குத் தகுதியா என்று பார்க்கும் சோதனையைத் தாண்டி அவர் ஏற்றுவதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது, அப்டேட்டுக்கும் உறுதி இல்லை. அதைவிட மோசம், கீ, அதாவது விண்டோஸுக்கான உரிமக் குறியீடு, என்று சொல்லி அவர் போடுகிற திருட்டு மென்பொருள். எனிடெஸ்க்காரனாவது உங்களிடம் கேட்டுத்தான் உள்ளே வந்தான்.

அப்புறம், என்றைக்காவது புதுசு வாங்கும்போது பழையதை 2,000-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள். கொடுங்கள். உங்கள் விவரங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்கை மட்டும் உங்கள் கண் முன்னால் கழற்றித் தரச் சொல்லி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.