ஃப்ளூ என்றால் என்ன? சளி பிடித்தாலும் ஃப்ளூ, எந்தக் காய்ச்சல் வந்தாலும் ஃப்ளூ என்கிறார்களே, சரியா?

சரியில்லை. இன்ஃப்ளூயன்ஸா வைரஸால் வரும் காய்ச்சலுக்கு மட்டும்தான் ஃப்ளூ என்று பெயர். ஆண்டுதோறும் நம்மிடையே பரவுபவை அதில் ஏ, பி என்ற இரு வகைகள். 2009-ல் உலகையே சுற்றிய பன்றிக் காய்ச்சலும் ஏ வகைதான். இப்போது அது வழக்கமான பருவக் காய்ச்சலாகிவிட்டது. வாந்தி பேதியை ஸ்டொமக் ஃப்ளூ என்பார்கள். அது முற்றிலும் வேறு கிருமி.

சளி மூக்கில் ஆரம்பித்து மெல்ல ஏறும். ஃப்ளூ அப்படியில்லை, காலையில் நன்றாக வேலைக்குப் போனவரைச் சாயங்காலம் படுக்க வைத்துவிடும். நடுக்கம், 102 டிகிரி சூடு, இடுப்பும் கால்களும் அடித்துப் போட்டமாதிரி வலி, வறட்டு இருமல். காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து நாளுக்குள் விடும். இருமலும் அசதியும் இரண்டு வாரம்கூட இழுக்கும்.

வேலூர்ப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பெயர்க் குழப்பத்தை லேசாக விடக்கூடாது. ஐப்பசி மழை தொடங்கியதும் இங்கே டெங்கு வரும், உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸும் வரும். மூன்றுக்கும் முதல் இரண்டு நாள் ஒரே முகம். மெடிக்கலில் "ஃப்ளூ மாதிரி இருக்கு, மாத்திரை குடுங்க" என்று வாங்கி ஒரு வாரம் ஓட்டினால், உண்ணிக் காய்ச்சல் அதற்குள் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடலாம். அதற்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து வேண்டும். அணைக்கட்டு, ஒடுகத்தூர் போன்ற ஊர்கள் பக்கம் புதர், வரப்பு, புல்லில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் என்றால் அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு படும் இடம், பெண்களுக்கு மார்புக்குக் கீழே என்று பாருங்கள். உண்ணி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால் அவருக்கே தெரியாது. இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டவேண்டும். இல்லாவிட்டாலும் அந்த நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

டெங்குவில் இருமல், மூக்கொழுகல் அதிகம் இராது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் அங்கே ஆபத்து: வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை புரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் போதும். பெரியவருக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளி. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்டுத்தான் போடவேண்டும்.

குழந்தைகளுக்குத்தான் அடிக்கடி தவறு நடக்கிறது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. 12 கிலோ குழந்தைக்கு 180. சிரப்பில் 5 மில்லிக்கு 120 என்று ஒரு பாட்டில், 250 என்று இன்னொன்று. முதலாவதில் ஏழரை மில்லி, இரண்டாவதில் மூன்றரை. பாட்டில் மாறியது தெரியாமல் பழைய அளவே ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். லேபிளைப் படியுங்கள்.

ஆன்டிபயாடிக் ஃப்ளூவைத் தொடாது. ஒசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து உதவும், ஆனால் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கர்ப்பிணி, முதியவர், ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் அதனால் முதல் நாளே மருத்துவரைப் பார்க்கவேண்டும். மூச்சு வாங்கினாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப ஏறினாலோ நிமோனியாவாக இருக்கலாம், யாராக இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போடவேண்டும், வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால். பலன் வர இரண்டு வாரம் ஆகும், ஆகவே மழைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.