நாற்காலி கேட்டால் ராஜினாமாவா?

கேள்வி: பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 3 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நாள் முழுக்க மடிக்கணினிதான். நாற்காலியின் முதுகு உடைந்து ஓராண்டாகிறது. இப்போது வலது மணிக்கட்டில் வலி, விரல்கள் மரத்துப்போகின்றன. டாக்டர் கார்பல் டன்னல் (மணிக்கட்டு நரம்பு அழுத்தப்படும் நோய்) என்கிறார். நாற்காலி கேட்டால், "சொந்தமாக வாங்கிக்கொள், இல்லையென்றால் ராஜினாமா கொடு" என்கிறார் மேலாளர். நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாமா? - வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால் முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள். நீங்களாகக் கொடுத்துவிட்டால், "அவராகத்தான் போனார்" என்று சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் வழக்கு. சொக்சோவில் (தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) காப்புறுதி பெற்ற தொழிலாளி, வேலையால் வந்த காயத்துக்கோ நோய்க்கோ முதலாளியிடம் தனியாக நஷ்ட ஈடு கேட்க முடியாது. 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின் 31-ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது. எனக்கும் பிடிக்காத பிரிவுதான், என்ன செய்வது.

உங்களுக்கு உதவுவது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். நடைமுறையில் இயன்ற அளவு ஊழியரின் உடல்நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை என்கிறது அதன் 15-ஆம் பிரிவு. 2024 ஜூன் 1 முதல் இதை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. 'நடைமுறையில் இயன்ற' என்ற சொல்லில் பெரிய தொழிற்சாலைகள் ஒளிந்துகொள்ளப் பார்க்கும். ஆனால் ஓர் உடைந்த நாற்காலியை மாற்றுவது இயலாத காரியம் என்று எந்த நிறுவனம் வாதாடும்? கணினித் திரை வேலைக்கென்றே ஜே.கே.கே.பி. (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா) 2003-இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அது சட்டமல்ல. ஆனாலும் நிறுவனம் செய்திருக்க வேண்டியதைச் செய்ததா என்று அளக்க உதவும்.

ஆகவே வாயால் கேட்பதை நிறுத்துங்கள். இன்றே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நாற்காலி எப்போது உடைந்தது, யாரிடம் எப்போது சொன்னீர்கள், டாக்டர் என்ன சொன்னார், உங்களுக்கு என்ன வேண்டும் (நாற்காலி, தனி விசைப்பலகை, திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தும் தாங்கி) என்று எழுதுங்கள். மேசையைப் படம் எடுத்து இணையுங்கள். கோபம் வேண்டாம், தேதி வேண்டும். பாதுகாப்பு பற்றிப் புகார் செய்தார் என்பதற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதை அதே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தப் பாதுகாப்பைக் கோர, புகார் செய்ததற்கு ஆதாரம் வேண்டுமே! பதில் வராவிட்டால் பினாங்கு ஜே.கே.கே.பி. அலுவலகத்துக்குப் போங்கள்.

சொக்சோவிலும் விண்ணப்பியுங்கள். தொழில்சார் நோய் என்று ஏற்றுக்கொண்டால், குறைந்தது 4 நாள் எம்.சி. (டாக்டர் தரும் நோய் விடுப்புச் சான்று) இருக்கும் பட்சத்தில், அந்த நாள்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். சிக்கல் நிரூபிப்பதில்தான். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி மோட்டார் ஓட்டி வருபவராக இருந்தால், "வலி அதனால் வந்தது" என்று யாராவது சொல்லக்கூடும். டாக்டரிடம் வெறுமனே "கை வலி" என்று சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தட்டச்சு செய்கிறீர்கள், எப்படி உட்கார்ந்து செய்கிறீர்கள் என்று சொல்லி, அதை மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

எம்.சி. எடுக்கத் தயங்க வேண்டாம். உங்கள் 3 ஆண்டு சேவைக்கு வருடத்துக்கு 18 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு.

இத்தனைக்கும் பிறகு உங்களை வெளியேற்றினாலோ, மிரட்டி ராஜினாமா வாங்கினாலோ, அந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். 61-ஆம் நாள் போனால் வாங்கமாட்டார்கள்.