ஃபோரின்ட்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

புடாபெஸ்டில் சில வருடங்கள் குடியிருந்தவள் என்பதால், ஹங்கேரிப் பணம் பற்றிய கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

செல்வி: அக்கா, ஃபோரின்ட் என்றால் 'ஃபாரின்' போலக் கேட்கிறதே, சம்பந்தம் உண்டா?
கிடையாது. ஆனால் பேர் என்னவோ வெளியூர்ச் சரக்குதான். 1252ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம் அடித்த தங்கக்காசுக்கு ஃபியோரினோ என்று பேர். ஃபியோரே என்றால் பூ. காசின் ஒரு பக்கம் லில்லிப்பூ இருக்கும். 1325ல் ஹங்கேரி அரசர் முதலாம் சார்லஸ் அதைப் பார்த்துத் தங்கக்காசு அடித்தபோது பூவையும் விடவில்லை, பேரையும் விடவில்லை.

ரவி: அப்போதிருந்து இதே பணம்தானா?
இல்லை. நடுவில் கொரோனா இருந்தது (நோய் இல்லை, 'கிரீடம்' என்று பொருள்). 1927ல் பெங்கோ வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அது செத்த விதம் பயங்கரம். 1946 ஜூலையில் விலைவாசி சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தது. காலையில் ரொட்டி வாங்கக் கொண்டுபோன பணத்துக்கு மறுநாள் பாதி ரொட்டிகூடக் கிடைக்காது. தெருவில் கிடந்த நோட்டுகளைத் துப்புரவுப் பணியாளர் துடைப்பத்தால் கூட்டும் புகைப்படம் ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள். 1946 ஆகஸ்ட் 1ல் ஃபோரின்ட் வந்தது. ஒரு ஃபோரின்ட்டுக்கு எத்தனை பெங்கோ தெரியுமா? 4 போட்டு 29 சுழியம்!

காதர்: பைசா மாதிரி சில்லறை உண்டா அக்கா?
ஃபில்லேர் இருந்தது, 100 சேர்ந்தால் ஒரு ஃபோரின்ட். 1999ல் போய்விட்டது. 2008ல் 1, 2 ஃபோரின்ட் காசுகளும் போயின. இப்போது மிகச் சிறியது 5. அதில் ஒரு கொக்கு நிற்கும். பில் 997 வந்தால் ரொக்கமாக 995 கொடுத்தால் போதும். 998 என்றால் 1000. அட்டை தேய்த்தால் மட்டும் அப்படியே 998.

மாலா: யூரோ ஏன் இல்லை?
2004ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போதே மாறுவதாக ஒப்புக்கொண்டார்கள். தேதிதான் குறிக்கவில்லை.

அருண்: நூறு 'ஃபோரின்ட்கள்' என்று எழுதலாமா?
வேண்டாம் தம்பி. கடையில் 'நூறு ரூபாய்கள்' என்றா கேட்கிறீர்கள்? ஹங்கேரியர்களும் எண்ணுக்குப் பின்னால் பன்மை போடுவதில்லை. 'சாஸ் ஃபோரின்ட்', அவ்வளவுதான்.